மலை உச்சியில் சிதறிய ஆணிகள்

2012 ஜூலை 15 அன்று, டூர் தெ பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் 14-ஆம் கட்டத்தில், பிரனீஸ் மலைத்தொடரிலுள்ள மூர் தெ பெகேர் உச்சியைக் கடந்த வீரர்களின் டயர்கள் அடுத்தடுத்துக் காற்றிழந்தன. தரைவிரிப்பை அடித்துப் பொருத்த உதவும் சிற்றாணிகளை யாரோ சாலையில் தூவியிருந்தார்கள். ஏறத்தாழ 30 பேருக்குப் பஞ்சர். முந்தைய ஆண்டு பட்டம் வென்ற கேடல் எவன்ஸ் மாற்றுச் சக்கரத்துக்காகச் சாலையோரம் காத்து நின்றார்.

இந்தக் கயமை புதியதல்ல. 1904-ஆம் ஆண்டுப் பந்தயத்திலேயே சாலையில் ஆணிகள் இறைக்கப்பட்டன. இவ்வளவு சிறிய பொருள் இத்தனை பேரை எப்படி நிறுத்துகிறது என்பதுதான் கவனிக்கத்தக்கது.

வீரரும் வண்டியுமாகச் சேர்ந்த எடையில் பின்சக்கரம் சுமார் 45 கிலோவைத் தாங்குகிறது என்று கொள்வோம். டயருக்குள் காற்றழுத்தம் சதுர செ.மீ.க்கு 7 கிலோ என்றால், அது தரையைத் தொடும் பரப்பு ஆறரை சதுர செ.மீ. அளவே இருக்கும். அந்தச் சுமையில் பத்தில் ஒரு பங்கு மட்டும் 0.1 சதுர மி.மீ. பரப்புள்ள ஆணி முனைமீது விழுந்தால்கூட, அங்கே அழுத்தம் டயரின் காற்றழுத்தத்தைப் போல் 600 மடங்கைத் தாண்டிவிடும். பந்தய டயரின் மெல்லிய ரப்பர் இதைத் தாங்காது.

ஆணியின் வடிவமும் சதிக்குத் துணைபோகிறது. அகன்ற தட்டைத் தலையும் குட்டைக் காலும் உள்ள ஆணி, தலை கீழாக அமர்ந்தால் முனை வானத்தைப் பார்த்து நிற்கும். எப்படி விழுந்தாலும் ஒரு முள்ளாவது மேல்நோக்கி இருக்கும் நெருஞ்சிக் காயை மிதித்தவர்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. சாய்ந்து கிடக்கும் ஆணியை முன்சக்கரம் தட்டி நிமிர்த்த, பின்சக்கரம் அதன்மேல் ஏறுவதும் உண்டு.

அடுத்தது கூட்டத்தின் கணக்கு. ஒரு டயர் தரையில் ஒன்றரை செ.மீ. அகலத் தடம் பதிக்கிறது. சாலையின் அகலம் 5 மீட்டர் என்றால், தனியாகச் செல்பவர் ஒரு குறிப்பிட்ட ஆணியின்மேல் ஏறும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்றுதான். ஆனால் 150 பேர் அதே சாலையை நிறைத்துக்கொண்டு செல்லும்போது, அவர்களில் யாராவது ஒருவர் அதன்மேல் ஏறும் வாய்ப்பு மூன்றில் ஒன்றைத் தாண்டுகிறது. இது தோராயக் கணக்குதான் என்றாலும், சில கைப்பிடி ஆணிகளே ஏன் போதும் என்பதைக் காட்டுகிறது.

உச்சியில் தூவியதுதான் கொடுமையின் உச்சம். ஏற்றத்தில் மெதுவாக வருபவர் ஆணியை வாங்கிக்கொள்கிறார். காற்று முழுவதும் இறங்குவதற்குள் வண்டி மணிக்கு 60, 70 கி.மீ. வேகத்தில் சரிவில் பாய்ந்திருக்கும். வளைவில் வண்டியைத் திருப்பும் பக்கவாட்டு விசையை டயர்தான் தரையிலிருந்து பெற்றுத் தருகிறது; காற்றிழந்த டயர் நெளிந்து வழுக்குவதால், முன்சக்கரம் போனால் திசை மாற்றவே முடியாது. அன்று சரிவில் விழுந்த குரோஷிய வீரர் ராபர்ட் கிசெர்லோவ்ஸ்கிக்குக் காறை எலும்பு முறிந்தது. பந்தயத்தில் முன்னிலை வகிப்பவருக்குரிய மஞ்சள் சட்டை அணிந்திருந்த பிராட்லி விக்கின்ஸ் வேகத்தைக் குறைக்க, பஞ்சரானவர்கள் வந்து சேரும்வரை மற்றவர்களும் மெதுவாகவே சென்றார்கள்.