சிரைக்கசிவு: நரம்பை இங்கே இழுக்காதீர்கள்

முதுகெலும்பு முறிவுக்குச் சிமெண்ட் செலுத்தும் சிகிச்சை பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள், "சிமெண்ட் நரம்புக்குள் கசியலாம்" என்று சளைக்காமல் எழுதுகிறார்கள். அது நரம்பே அல்ல. இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூலில் அதன் பெயர் சிரை.

சிரை, வடமொழி 'சிரா'. நரம்பு நம் பழஞ்சொல். யாழில் கட்டியதும் நரம்பு, முதியவள் தோளில் புடைத்ததும் நரம்பு. "நரம்பு கிடைக்கல" என்று ஊசியோடு கையைத் தட்டிப் பார்க்கும் செவிலியரும் அந்த மரபில்தான் பேசுகிறார். அங்கே குழப்பமில்லை, கண்ணெதிரே கை இருக்கிறது.

முதுகெலும்பில் அப்படி விட முடியாது. முறிந்த எலும்புக்குள் செலுத்தும் குழம்பு பல வழிகளில் தப்பும். பின்சுவரின் விரிசல் வழியே தண்டுவடக் கால்வாய்க்குள் போனால் உண்மையான நரம்பை அழுத்தலாம்: காலில் வலி, மரமரப்பு, பலவீனம். சிரைக்குள் நுழைந்தால் வேறு பயணம். முதுகெலும்பைச் சுற்றியுள்ள சிரைப் பின்னலில் பொதுவாக வால்வுகள் இல்லை. சிமெண்ட் துணுக்கு அங்கிருந்து பெருஞ்சிரைக்கும், இதயத்தின் வலப்பக்கத்துக்கும், கடைசியில் நுரையீரலுக்கும் போகலாம். பெரும்பாலும் அறிகுறியே இராது, படத்தில் மட்டும் தெரியும். அரிதாக மூச்சுத் திணறும், உயிருக்கே ஆபத்தாகும். "நரம்பு" என்று படித்த நோயாளி காலையே கவனித்துக்கொண்டிருப்பார். மூச்சுத் திணறினால் சிமெண்ட் நினைவுக்கே வராது.

"சிரை வடசொல்லாயிற்றே" என்பவர்கள் 'நாளம்' என்கிறார்கள். அதுவும் வடசொல்தான்! போகட்டும், தமிழ்நாட்டு வழக்கில் எந்த இரத்தக் குழாயும் நாளம்தான்; இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுபோகும் தமனியையும் சிரையையும் அது பிரித்துக் காட்டுமா? 'குருதிக்குழாய்' நல்ல தமிழ், ஆனால் அதே குறை. சிரை என்றால் சவரம் நினைவுக்கு வருகிறது என்று சிரிப்பவர்களும் உண்டு, சிரிக்கட்டும். தூய்மைக்காக இரண்டு உறுப்புகளை ஒரே சொல்லில் அடைப்பது எனக்கு ஒப்பவில்லை. எலும்புச் சிமெண்ட் சிரைக்கசிவு என்றே எழுதலாம்.

அந்தச் சிமெண்டையும் 'எலும்புப் பசை' ஆக்கிவிட்டார்கள். அது பசையே இல்லை. அந்தச் சிமெண்டின் மூலப்பொருளான பாலிமெத்தில் மெத்தக்ரைலேட் எலும்போடு ஒட்டுவதில்லை, இடுக்குகளில் புகுந்து இறுகிப் பிடித்துக்கொள்கிறது. தமிழ்தான் வேண்டுமென்றால் 'சாந்து' இருக்கிறதே. குழைவாகப் பூசி இறுக விடுவதற்குக் கொத்தனார்கள் எப்போதோ வைத்த பெயர்.