வண்டி நம்பர் தெரியாவிட்டாலும் நஷ்டஈடு உண்டு

"நம்பர் தெரியலைன்னா ஒண்ணும் கிடைக்காதும்மா." போலீஸ் ஸ்டேஷனில் யாரோ இப்படிச் சொன்னதை நம்பி, சாலை விபத்தில் கணவனையோ மகனையோ பறிகொடுத்தவர்கள் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். சொல்பவர் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை, அவருக்கே தெரியாது. ஆனால் அது தவறு. இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டியைக் கண்டுபிடிக்க முடியாவிட்டாலும், இறந்தவரின் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும் கொடுங்காயம் பட்டவருக்கு 50,000 ரூபாயும் தர வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 161வது பிரிவு அப்படிச் சொல்கிறது. 2022 ஏப்ரல் 1 முதல் இந்தத் தொகை அமலில் இருக்கிறது. அதற்கு முன்பு 25,000, 12,500 என்று இருந்தது. இன்றைக்கும் பழைய தொகையைச் சொல்லும் ஆட்கள் உண்டு, நம்பாதீர்கள்.

2022ல் நாடு முழுவதும் இப்படி இடித்துவிட்டு ஓடிய விபத்துகள் 67,387. 2022-23 நிதியாண்டில் நஷ்டஈடு கேட்டு வந்த மனுக்கள் 205. பணம் கிடைத்தது 95 பேருக்கு. சுப்ரீம் கோர்ட்டே 2024 ஜனவரி தீர்ப்பில் பதிவு செய்த கணக்கு இது. சாலைப் பாதுகாப்புக்காக வழக்குப் போட்டு அந்தத் தீர்ப்புக்குக் காரணமாக இருந்தவர் கோயம்புத்தூர் எலும்பு முறிவு மருத்துவர் எஸ்.ராஜசேகரன்.

பிரிட்டனில் இதே நிலை வந்தால் என்ன நடக்கும்? அங்கே 1946 முதல் மோட்டார் இன்சூரர்ஸ் பீரோ என்று ஓர் அமைப்பு இருக்கிறது. வண்டிக்கு இன்சூரன்ஸ் விற்கும் எல்லாக் கம்பெனிகளும் அதற்குப் பணம் கட்ட வேண்டும். ஓடிப்போன வண்டியால் அடிபட்டவர் நேராக அங்கே விண்ணப்பிக்கலாம். கோர்ட்டுக்குப் போயிருந்தால் எவ்வளவு கிடைத்திருக்குமோ, இழந்த சம்பளம், வலி, இனி ஆகப்போகும் செலவு என்று அதே முறையில் கணக்குப் போட்டுத் தருகிறார்கள். கால் போனவருக்கும் கை எலும்பு முறிந்தவருக்கும் ஒரே 50,000 என்ற கதை அங்கே இல்லை. வண்டி பிடிபட்டு, அதற்கு இன்சூரன்ஸே இல்லை என்று தெரிந்தாலும் அதே பீரோ தருகிறது. நம் ஊரில் அப்படி நடந்தால் 161வது பிரிவுப் பணமும் கிடைக்காது, வண்டி ஓனர் மேல் வழக்குப் போட்டு அவரிடம்தான் வாங்க வேண்டும். தமிழ்நாட்டின் மக்கள்தொகையும் பிரிட்டனின் மக்கள்தொகையும் ஏறக்குறைய பக்கத்தில் வரும். ஆனால் 2022ல் அங்கே சாலையில் இறந்தவர்கள் 1,711 பேர், தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். பத்து மடங்கு சாவு நடக்கும் ஊரில், இருக்கிற கொஞ்ச நஷ்டஈட்டையாவது கேட்காமலே கொடுக்க வேண்டும். இங்கே கேட்டாலும் அலைய விடுகிறார்கள். அந்த அலைச்சலில் எங்கெங்கே கவனமாக இருக்க வேண்டும் என்று பார்ப்போம்.

முதல் சிக்கல் ஆஸ்பத்திரி வாசலிலேயே வந்துவிடும். அடிபட்டவரைக் கொண்டுபோனதும் ஏ.ஆர். காப்பி, அதாவது ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவு, எழுதுவார்கள். "எப்படி ஆச்சு?" என்று டியூட்டியில் இருப்பவர் கேட்பார். தூக்கிக்கொண்டு வந்தவர் யாரோ வழிப்போக்கராக இருப்பார். "ரோட்ல விழுந்து கிடந்தார் சார்" என்பார். "பைக்கில் இருந்து தவறி விழுந்ததாக" என்று எழுதிவிடுவார்கள். அந்த ஒரு வரிதான் பிறகு எஃப்.ஐ.ஆரிலும் ஏறும். தானாக விழுந்தவருக்கு இந்தத் திட்டத்தில் ஒரு ரூபாய் கிடையாது. ஆகவே வண்டி மோதியது உறுதியாகத் தெரிந்தால், அல்லது பார்த்தவர் ஒருவர் இருந்தால், "அடையாளம் தெரியாத வாகனம் மோதி" என்று எழுதச் சொல்லுங்கள். அதை முதல் நாளே கேளுங்கள். நினைவு திரும்பிய பிறகு அடிபட்டவரே சொன்னால், போலீஸிடம் அதை வாக்குமூலமாக எழுதிக் கொடுங்கள்.

அடுத்து ஸ்டேஷன். புகார் கொடுத்ததும் சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைத் தந்து அனுப்பிவிடுவார்கள். அது புகார் வந்தது என்பதற்கான ரசீதுதான், எஃப்.ஐ.ஆர். அல்ல. அதை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நஷ்டஈட்டு மனுவுக்கு எஃப்.ஐ.ஆர். நகல் வேண்டும். புகார் கொடுத்தவருக்கு அதை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம்.

அப்புறம், வண்டியைத் தேடச் சொல்லி நச்சரிக்கத் தயங்காதீர்கள். வண்டி கிடைத்தால் இந்த 2 லட்சத்துடன் நிற்க வேண்டியதில்லை. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டால், சம்பாதித்துக்கொண்டிருந்தவரின் குடும்பத்துக்குப் பெரும்பாலும் இதைவிடப் பல மடங்கு கிடைக்கும். அந்த வழக்குக்குச் சட்டத்தில் ஆறு மாதக் கெடு எழுதியிருக்கிறது, அதற்குள் போட்டுவிடுங்கள். பெட்ரோல் பங்க், பேக்கரி, டோல்கேட் என்று எங்கே கேமரா இருக்கிறதோ அந்த இடத்தை எழுத்தில் குறிப்பிட்டு ஸ்டேஷனில் கொடுங்கள். பல கடைகளில் சில வாரங்களில் பழைய பதிவு தானாக அழிந்துவிடும்.

இந்த இடத்தில் ஓர் ஆபத்து இருக்கிறது. ஆஸ்பத்திரி வளாகத்தில் சுற்றும் புரோக்கர் ஒருவர் வந்து, "இன்சூரன்ஸ் இருக்கிற வண்டி ஒண்ணு செட் பண்ணிடலாம், பத்து லட்சம் வாங்கித் தரேன்" என்பார். இடிக்காத வண்டியை இடித்ததாகக் காட்டினால் அது மோசடி வழக்கு. புரோக்கர் காணாமல் போய்விடுவார், கையெழுத்துப் போட்ட நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். வெற்றுத் தாளிலோ வக்காலத்திலோ அவசரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

வழக்குப் பதிவாகி ஒரு மாதத்துக்குள் போலீஸால் வண்டியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், "161வது பிரிவில் நஷ்டஈடு கேட்கலாம்" என்று உங்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். 2024 தீர்ப்பில் உள்ள உத்தரவு இது. பெரும்பாலும் யாரும் தெரிவிப்பதில்லை. மாதம் முடிந்ததும் நீங்களே போய் அந்தக் கடிதத்தைக் கேளுங்கள். வழக்கை முடித்து இறுதி அறிக்கை போட்ட பிறகு வாருங்கள் என்றால், தீர்ப்பில் ஒரு மாதம் என்றுதான் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

மனுவைத் தாசில்தார் அல்லது ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். இங்கே ஆர்.டி.ஓ. என்றால் வருவாய்க் கோட்டாட்சியர், லைசென்ஸ் வாங்கும் இடம் அல்ல. விபத்து நடந்த தாலுகாதான் கணக்கு, உங்கள் ஊர்த் தாலுகா அல்ல. உளுந்தூர்பேட்டை பக்கம் அடிபட்ட மதுரைக்காரர் மதுரையில் மனுக் கொடுத்தால் அலைச்சல்தான் மிச்சம். படிவம் 1, எஃப்.ஐ.ஆர்., ஆதார் போன்ற அடையாளச் சான்று, பாஸ்புக் நகல், ஆஸ்பத்திரி பில் இவற்றுடன், இறந்திருந்தால் இறப்புச் சான்றும் போஸ்ட்மார்ட்டம் அறிக்கையும் வையுங்கள். வாரிசுச் சான்றிதழையும் கேட்பார்கள், அதற்குத் தனியாக முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள். பிறகு வண்டி கிடைத்து வேறு நஷ்டஈடு வந்தால் இந்தப் பணத்தைத் திருப்பித் தருவேன் என்று ஓர் உறுதிமொழியும் கேட்பார்கள். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இரண்டு முறை வாங்கக் கூடாது என்பதற்காகத்தான்.

காயம் பட்டவர்களுக்கு எல்லாமே காயச் சான்றிதழில்தான் இருக்கிறது. "சாதாரணக் காயம்" என்று எழுதியிருந்தால் மனு தள்ளுபடி. எலும்பு முறிந்தாலோ மூட்டு விலகினாலோ பல் உடைந்தாலோ சட்டப்படி அது கொடுங்காயம். பதினைந்து நாள் கடும் வலியில் இருந்தாலும், அத்தனை நாள் அன்றாட வேலை செய்ய முடியாமல் போனாலும் அப்படியே. எக்ஸ்ரேயைக் காட்டி, சான்றிதழ் கொடுக்கும்போதே டாக்டரிடம் கேளுங்கள். பிறகு திருத்துவது பெரும்பாடு.

தாசில்தார் ஒரு மாதத்தில் விசாரித்து கலெக்டருக்கு அனுப்ப வேண்டும். கலெக்டர் பதினைந்து நாளில் உத்தரவு போட வேண்டும், அடுத்த பதினைந்து நாளில் பணம் நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். "ஃபைல் மேலே போயிருக்கு" என்பது பதில் அல்ல. மனுக் கொடுத்த அன்றே தேதியும் முத்திரையும் போட்ட ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். ஒரு மாதம் தாண்டினால் அதன் நகலுடன் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் கொடுங்கள், இந்தத் திட்டத்தில் பணத்தை அனுமதிக்கும் அதிகாரியே அவர்தான். அதற்கும் அசையவில்லை என்றால், கோர்ட் வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100க்குப் போன் செய்யுங்கள். பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. மக்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே வக்கீல் ஃபீஸ் கிடையாது.