விடுமுறையில் அவையைக் கூட்டச் சொல்லும் உரிமை யாருக்கு?

சட்டமன்றங்களின் அவை நடத்தை விதிகளைத் திருத்தும் வரைவுகளைப் பார்த்துக் கொடுப்பது என் தொழில். அவை கூடாத காலத்தில் அவசர அமர்வு நடத்துவது பற்றிய பிரிவில், எது அவசரம், எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். அமர்வைக் கேட்கும் உரிமை யாருக்கு என்பது ஒரே வரியில் முடிந்திருக்கும். நான் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.

பிரிட்டனின் காமன்ஸ் சபையில் நிலையியல் விதி 13-ன்படி அரசு கேட்டால் மட்டுமே சபாநாயகர் உறுப்பினர்களைத் திரும்ப அழைக்க முடியும். எதிர்க்கட்சி எத்தனை கடிதம் எழுதினாலும் பயனில்லை. 2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை, ஈஸ்டர் விடுமுறைக்கு நடுவே கூடிய நாடாளுமன்றம் எஃகுத் தொழில் மசோதாவை ஒரே நாளில் நிறைவேற்றியது. அரச ஒப்புதலும் அன்றே கிடைத்தது. அரசுக்குத் தேவை என்றால் அவ்வளவு வேகம். (கூட்டியவர்களே தோற்பதும் உண்டு: 2013 ஆகஸ்ட் 29 அன்று சிரியா குறித்த வாக்கெடுப்பில் அரசு 272-க்கு 285 என்று தோற்றது.)

ஜெர்மனியில் நிலைமை வேறு. அடிப்படைச் சட்டத்தின் 39-வது பிரிவுப்படி உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் கேட்டாலே அவைத்தலைவர் கூட்டியாக வேண்டும். அவர் விருப்பத்துக்கு அதில் இடமில்லை.

இந்தியாவில் விதியைத் திருத்த நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாநிலச் சட்டமன்றத்தைக் கூட்டத்தொடருக்கு அழைப்பது ஆளுநர், அதுவும் அமைச்சரவையின் ஆலோசனைப்படி. தொடருக்குள் எந்தெந்த நாள் அமர்வது என்பது சபாநாயகர் கையில். தேதி குறிப்பிடாமல் ஒத்திவைத்த அவையை அவர் மறுபடி கூட்டலாம். ஆளுநர் தொடரை முடித்துவைத்துவிட்டால் முடியாது. மார்ச் மாதம் ஒத்திவைத்த பஞ்சாப் சட்டமன்றம் 2023 ஜூன் 19, 20 தேதிகளில் மீண்டும் கூடியதை ஆளுநர் கேள்விக்குள்ளாக்கினார். அந்த அமர்வு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு நவம்பர் 10 அன்று தீர்ப்பளித்தது. ஆகவே அவை விதியை எப்படித் திருத்தினாலும், அது தொடர் முடித்துவைக்கப்படும் நாள் வரைக்கும்தான் உதவும். அதற்குமேல் வேண்டுமானால் அரசியலமைப்பைத்தான் தொட வேண்டும்.

அரசியலமைப்பிலேயே நல்ல முன்மாதிரி ஒன்று இருக்கிறது. 1978-ல் 44-வது திருத்தம் சேர்த்த 352(8): நெருக்கடி நிலையை ஏற்கவில்லை எனத் தீர்மானம் கொண்டுவர, மக்களவை உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கினர் கையெழுத்திட்டு அறிவிப்புக் கொடுத்தால், 14 நாட்களுக்குள் சிறப்பு அமர்வு நடந்தாக வேண்டும். அவை கூடாத காலமென்றால் அறிவிப்பைக் குடியரசுத் தலைவரிடம் கொடுக்கலாம். எத்தனை பேர், யாரிடம், எத்தனை நாளுக்குள் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. நெருக்கடி நிலையில் அடிபட்ட அனுபவம் எழுதவைத்த பிரிவு. நிம்மதியான காலத்தில் இப்படி எழுத யாருக்கும் தோன்றுவதில்லை.

உறுப்பினர்களில் எத்தனை பங்கினர் கேட்டால் போதும் என்று முடிவுசெய்யும்போது அவையின் இன்றைய கணக்கை மட்டும் பார்க்காதீர்கள். ஜெர்மனியில் 2013 தேர்தலுக்குப் பின் 631 பேரில் எதிர்க்கட்சியினர் 127 பேர்தான். மூன்றில் ஒரு பங்கு அவர்களுக்கு எட்டாக்கனி. மறு ஆண்டே அவை தன் விதிகளைத் திருத்தி, 120 உறுப்பினர்கள் சேர்ந்தாலே சில சிறுபான்மை உரிமைகளைப் பயன்படுத்த வழி செய்தது, அதுவும் அந்தப் பதவிக்காலத்துக்கு மட்டும்.