ஆஃப் லேபிள்: தமிழில் எப்படிச் சொல்வது?

பெரியம்மாவுக்கு விலாவில் அக்கி வந்து ஆறியது. கொப்புளமெல்லாம் காய்ந்து உதிர்ந்த பிறகும் எரிச்சல் மட்டும் போகவில்லை. சேலைத் தலைப்பு பட்டாலே துடிப்பார். டாக்டர் ராத்திரியில் போட அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார். வீட்டில் ஒருவர் அந்தப் பெயரைப் போனில் தட்டிப் பார்த்துவிட்டு, "இது டிப்ரஷனுக்குக் கொடுக்கிற மாத்திரையாச்சே!" என்றார். "எனக்கு உடம்புலதான் வலி, மனசுல இல்ல" என்று பெரியம்மா மாத்திரை அட்டையை அரிசி டின்னுக்குப் பின்னால் போட்டுவிட்டார். பத்து நாள் தூக்கமில்லாமல் கிடந்தார்.

அந்தப் பத்து நாளும் வீணாகப் போனதற்குக் காரணம், ஒரு விஷயத்தை அவரிடம் யாரும் தமிழில் சொல்லவில்லை என்பதுதான். ஒப்புதல் பெற்ற பயனுக்கு வெளியே ஒரு மருந்தை எழுதிக் கொடுப்பதுதான் அது. டாக்டர்கள் தங்களுக்குள் அதை 'ஆஃப் லேபிள்' என்பார்கள்.

லேபிள் என்ற சொல் பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அங்கே அதற்குத் தொங்கும் துணிக்கீற்று, நாடா என்று பொருள். பிறகு ஆவணத்தில் தொங்கும் துண்டுக்கு ஆகி, கடைசியில் புட்டியில் ஒட்டும் காகிதத்துக்கு வந்து சேர்ந்தது. மருந்துத் துறையில் அது இன்னும் விரிந்துவிட்டது. எந்த நோய்க்கு, எந்த வயதினருக்கு, எவ்வளவு, எந்த வழியாகக் கொடுக்கலாம் என்று அரசின் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புக்கொண்ட முழு விவரமும் இன்று லேபிள்தான். பெட்டிக்குள் பொடியாக அச்சடித்து மடித்து வைத்திருப்பார்களே, அந்தத் தாளில் இருப்பது அதுதான்.

இந்தச் சொல்லுக்கு இன்றைய கனம் வந்தது 1962-இல். கர்ப்பிணிகள் சாப்பிட்ட தாலிடோமைடு மாத்திரையால் குழந்தைகள் கைகால் குறைந்து பிறந்த கொடுமைக்குப் பின் அமெரிக்கா சட்டத்தைத் திருத்தியது. மருந்து பாதுகாப்பானது என்று காட்டினால் மட்டும் போதாது, சொன்ன நோய்க்கு அது வேலை செய்கிறது என்பதையும் நிறுவனம் நிரூபிக்க வேண்டும் என்றது. அப்போதிருந்து ஒப்புதல் என்பது ஒரு குறிப்பிட்ட பயனுக்குத் தரப்படுவதாகிவிட்டது. ஆனால் மருத்துவர் என்ன எழுதலாம் என்பதில் அந்த அமைப்பு தலையிடுவதில்லை. கடைக்கு வந்துவிட்ட மருந்தை, தாளில் இல்லாத நோய்க்கோ வயதுக்கோ அளவிலோ அவர் எழுதினால் அது ஆஃப் லேபிள். நிறுவனம்தான் அந்தப் பயனை விளம்பரம் செய்யக் கூடாது. அப்படிச் செய்த வழக்கில் ஃபைசர் என்ற மருந்து நிறுவனம் 2009-இல் 230 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

சரி, பயன் இருக்கிறது என்று தெரிந்தால் தாளிலேயே சேர்த்துவிடலாமே? அதற்குப் புதிதாகப் பெரிய ஆய்வு நடத்த வேண்டும், பணம் ஏராளமாகச் செலவாகும். காப்புரிமை முடிந்து பத்துப் பேர் தயாரிக்கும் பழைய மாத்திரைக்கு யார் அந்தச் செலவைச் செய்வார்கள்? குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் ஆய்வில் சேர்க்கவே தயங்குவதால், அவர்களுக்கு எழுதுவதில் பல மருந்துகள் இப்படித்தான் அமைகின்றன.

பெரியம்மாவின் மாத்திரையையே எடுத்துக்கொள்வோம். மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி வரும் சில நரம்புகள் வலிச் செய்தியை அமுக்கும் வேலையைச் செய்கின்றன. அதற்கு அவை பயன்படுத்துவது செரட்டோனின், நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள்களை. அமிட்ரிப்டிலின் இந்த இரண்டையும் சீக்கிரம் உறிஞ்சப்படாமல் தங்க வைக்கிறது. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அளவில் சிறு பங்கே நரம்பு வலிக்குப் போதும். இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அமெரிக்க லேபிளில் மனச்சோர்வு மட்டுமே இருக்கிறது. பிரிட்டனில் நரம்பு வலியும் சேர்ந்துவிட்டது. மாத்திரை அதேதான், நாடு மாறினால் ஆஃப் லேபிள் என்ற பெயர் போய்விடுகிறது.

சில பயன்கள் எதிர்பாராமல் கண்ணில் படுகின்றன. ப்ரொப்ரனலால் 1960-களில் நெஞ்சு வலிக்கு வந்த மருந்து. பிரான்சின் போர்தோ நகரில், மூக்கில் பெரிய ரத்தநாளக் கட்டி இருந்த குழந்தைக்கு ஸ்டீராய்டு கொடுத்ததில் இதயத்தசை தடித்துவிட்டது. இதயத்துக்காக ப்ரொப்ரனலால் கொடுத்தார்கள். மறுநாளே கட்டியின் கடுஞ்சிவப்பு ஊதாவாக மாறி, கட்டி இளகியிருந்தது! 2008-இல் அந்த மருத்துவர்கள் இதை மருத்துவ இதழில் எழுதினார்கள். அமெரிக்கா 2014-இல்தான் ஒப்புதல் தந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் இதைப் பெற்ற குழந்தைகளுக்கெல்லாம் அது தாளில் இல்லாத மருந்துதான்.

இதையே காட்டி எல்லாவற்றையும் நியாயப்படுத்த முடியாது. உடல் எடை குறைக்க ஃபென்ஃப்ளூரமின், ஃபென்டர்மின் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தார்கள். தனித்தனியே ஒப்புதல் பெற்ற மருந்துகள். சேர்த்துத் தர ஒப்புதல் இல்லை. இதய வால்வுகள் கெட்டதால் 1997-இல் ஃபென்ஃப்ளூரமின் சந்தையை விட்டே போனது. அமெரிக்காவில் 2001-இன் மருந்துச்சீட்டுகளை ஆராய்ந்த ஒரு ஆய்வில், ஏறக்குறைய ஐந்தில் ஒன்று ஆஃப் லேபிளாக இருந்தது. அவற்றில் நான்கில் மூன்று பங்குக்குச் சான்று குறைவு அல்லது இல்லவே இல்லை. ஆகவே "இதற்கு என்ன ஆதாரம்?" என்று டாக்டரிடம் கேட்பது மரியாதைக்குறைவு ஆகாது.

இப்போது தமிழுக்கு வருவோம். 'அனுமதியற்ற பயன்பாடு' என்றால் குற்றம் போல ஒலிக்கிறது, கேட்பவர் போலி மருந்து என்றே நினைப்பார். 'மீறிய' என்றாலும் அதே பழி. 'சீட்டில் இல்லாத பயன்பாடு' என்று சொல்லலாம் என்று சில நாள் நினைத்திருந்தேன். ஆனால் நம் ஊரில் சீட்டு என்றாலே டாக்டர் எழுதிக் கொடுப்பது. சீட்டில் இல்லாததைக் கடைக்காரர் கொடுத்துவிட்டார் என்று பொருளாகிவிடும்.

நான் தேர்ந்தது 'புறநடைப் பயன்பாடு'. இலக்கண நூல்களில் விதிகளைச் சொல்லி முடித்த பின், சொல்லாமல் விட்டவை எதிர்ப்பட்டால் சொன்னவற்றின் இயல்பை வைத்து அறிந்து கொள்க என்ற கருத்தில் நூற்பா வரும். அதற்குப் பெயர் புறநடை. விதியை அது உடைப்பதில்லை, கண்ணை மூடிக்கொண்டு எதையும் உள்ளே விடுவதும் இல்லை. அமிட்ரிப்டிலின் நரம்பு வலிக்குப் போனது அப்படி, மருந்தின் இயல்பை வைத்துத்தான்.

எழுத்துக்கு அது சரி. நோயாளியிடம் பேசும்போது அதுவும் வேண்டாம். "இந்த மாத்திரை வேற நோய்க்குத்தான் வந்துச்சு, நரம்பு வலிக்கும் கேட்கும்" என்று சொன்னால் போதும். மருந்து 'கேட்கும்' என்பது நம் பாட்டிமார்களின் சொல்.

பெரியம்மாவிடம் அப்புறம் அப்படித்தான் சொன்னேன். டின்னுக்குப் பின்னாலிருந்து அட்டையை எடுத்து வந்தார். ஒரு துண்டுக் காகிதத்தில் 'அக்கி எரிச்சலுக்கு, ராத்திரி 1' என்று எழுதச் சொல்லி, தானே சோற்றுப் பருக்கை தடவி அட்டையின் மேல் ஒட்டிக்கொண்டார்.