பாடப் பக்கத்தில் பழைய கோப்பு கிடக்கிறதா, பாருங்கள்

தேர்வுக்கு முந்தைய நாள் இரவு ஒன்பதரை மணிக்கு ஓர் ஆசிரியை கூப்பிட்டார். "சார், பசங்க பாதிப் பேர் பழைய பாடத்திட்டத்தை வெச்சுப் படிச்சிட்டு இருக்காங்க. நான் புதுசு போட்டு ஒரு மாசம் ஆச்சே!"

உள்ளே போய்ப் பார்த்தேன். புதுசு இருந்தது, உண்மைதான். ஏழாவது வாரத்துக்கான பகுதியில், ‘பாடத்திட்டம்_ஃபைனல்_புதிது’ என்ற பெயரில். பழையதோ பக்கத்தின் உச்சியில் ‘பாடத்திட்டம்_ஃபைனல்’ என்று ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. மாணவர்கள் எதைத் திறப்பார்கள்? முதலில் கண்ணில் படுவதைத்தான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இணையவழிக் கற்றல் தளங்களைப் பராமரிப்பது என் வேலை. பெரும்பாலும் மூடுல், கொஞ்சம் கூகுள் கிளாஸ்ரூம். ‘சர்வர்ல ஏதோ கோளாறு’ என்று தொடங்கும் புகார்களில் நிறைய, திறந்து பார்த்தால் கோப்பு வைத்த விதத்தில் வந்த கோளாறாக இருக்கும். நம் சொந்தக் கணினியில் ஒரே ஆவணத்துக்குப் பத்துப் பிரதி இருந்தால் தலைவலி நமக்கு மட்டும்தான். பாடப் பக்கத்தில் அப்படியில்லை. அங்கே விட்டுவைத்த ஒவ்வொரு பழைய பிரதியையும் எவரோ ஒருவர் இறக்கிப் படித்துக்கொண்டிருக்கிறார்.

அதனால் நான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: திருத்திய கோப்பைப் புதிதாகச் சேர்க்காதீர்கள், பழையதன் இடத்திலேயே மாற்றுங்கள். மூடுலில் அந்தக் கோப்பின் அமைப்புகளைத் திறந்து, அதே பெயருள்ள புதிய கோப்பை ஏற்றினால், ‘மேலெழுதவா, பெயர் மாற்றவா’ என்று கேட்கும். இந்தக் கேள்வியைப் படிக்காமலேயே பெயர் மாற்றுவதை அழுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். விளைவு, பக்கத்திலேயே (1) என்று வாலோடு இன்னொன்று முளைக்கும். மேலெழுதினால் போதும். பக்கத்தில் உள்ள இணைப்பு அப்படியே இருக்கும், உள்ளே இருப்பது மட்டும் மாறும். லிங்க் அனுப்பும்போதும் அந்தப் பக்க இணைப்பையே அனுப்புங்கள். கோப்பின் நேரடி முகவரியை எடுத்து அனுப்பினால், நாளை கோப்பின் பெயர் மாறியதும் அது செத்துப்போகும்.

‘ஒரே கோப்பு மூன்று வாரங்களுக்கும் வேணுமே’ என்று கேட்பார்கள். இங்கே கொஞ்சம் பழங்கதை சொல்ல வேண்டியிருக்கிறது. 2010 நவம்பரில் மூடுல் 2.0 வரும்வரை ஒவ்வொரு பாடத்துக்கும் பொதுவான கோப்பு அறை ஒன்று இருந்தது. அதில் போட்டுவைத்து, எங்கிருந்து வேண்டுமானாலும் இணைத்துக்கொள்ளலாம். அந்தக் காலத்து ஆசிரியர்கள் சிலர் இன்னும் அதைத் தேடுகிறார்கள். 2.0-க்குப் பிறகு, எந்த இடத்தில் ஏற்றினீர்களோ அந்த இடத்துக்கே அந்தக் கோப்பு சொந்தம். மூன்று வாரங்களில் ஏற்றினால் மூன்று தனித்தனிக் கோப்புகள். ஒன்றைத் திருத்தினால் மற்ற இரண்டுக்கும் அது தெரியவே தெரியாது.

வட்டில் இடம் வீணாகுமே என்ற கவலை வேண்டாம். மூடுல் கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து எஸ்எச்ஏ-1 என்ற, கைரேகை மாதிரியான ஒரு குறியீட்டைக் கணக்கிட்டு, அதையே பெயராக வைத்துச் சேமிப்பதால், அச்சு அசலாக ஒன்றே என்றால் சர்வரில் ஒரே பிரதிதான் கிடக்கும். சிக்கல் இடத்தில் இல்லை, திருத்த மறந்துபோகிற அந்த இரண்டில்தான். ஒரு இடத்தில் கோப்பை வையுங்கள், மற்ற வாரங்களில் அதற்கு ஒரு இணைப்பு கொடுங்கள். அவ்வளவுதான்.

பெயர் விஷயம். பாடம்1, பாடம்2 என்று வைத்தால், எண்ணை எழுத்தாகப் பார்க்கும் இடங்களில் 1-க்கு அடுத்து 10 வந்து நிற்கும். 01, 02 என்றே தொடங்குங்கள். தேதி போட்டால் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் போடுங்கள், தானாக வரிசைப்படும்.

நீளப் பெயர் இன்னும் பெரிய தொல்லை. ஆசிரியர் ஒருவர் மாணவர்களின் ஒப்படைப்புகளை மொத்தமாக ஜிப்பாக இறக்கி, விண்டோஸில் விரித்திருக்கிறார். பன்னிரண்டு பேருடைய ஃபைல் மட்டும் வரவில்லை. ‘அவங்க அனுப்பவே இல்ல’ என்று பூஜ்யம் போடக் கை ஓங்கிவிட்டார். நடந்தது என்ன? மூடுல் ஒவ்வொரு மாணவர் பெயரிலும் ஒரு ஃபோல்டர் போடும், அதன் பெயரோடு ஒரு நீண்ட வாலையும் ஒட்டும். அதற்குள் மாணவர் வைத்த நீளமான பெயர். இதையெல்லாம் அந்த ஆசிரியர் டெஸ்க்டாப்பில் நாலு ஃபோல்டருக்குள் வைத்து விரித்திருந்தார். விண்டோஸில் முழுப் பாதைக்கு வழக்கமான வரம்பு 260 எழுத்துகள். அதைத் தாண்டியவை விரியவில்லை. ஜிப்பை நேராக சி டிரைவில், ஒற்றை எழுத்துப் பெயருள்ள ஃபோல்டருக்கு நகர்த்தி விரித்ததும் பன்னிரண்டும் வந்துவிட்டன.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். ‘கற்றல்’ என்ற சொல்லில் புள்ளிகளையும் சேர்த்து ஆறு குறிகள், அதாவது 18 பைட். லினக்ஸ் சர்வர்களில் ஒரு கோப்புப் பெயர் பொதுவாக 255 பைட்டைத் தாண்ட முடியாது. தமிழ்ப் பெயர் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். அதில் கதை எழுதாமல் இருந்தால் சரி.

அப்புறம், ஒளித்துவைப்பது. மூடுலில் மறைத்தல் இரண்டு விதம். ஒன்று, மாணவருக்கு முற்றாக மறைப்பது. இன்னொன்று, பக்கத்தில் காட்டாமல், ஆனால் லிங்க் கிடைத்தவருக்குத் திறக்கும்படி வைப்பது. விடைக்குறிப்பை இரண்டாவது விதத்தில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியவர்களை எனக்குத் தெரியும். அதைவிட மோசம் எக்செல். தொலைபேசி எண் உள்ள நெடுவரிசையை மறைத்து, மதிப்பெண் பட்டியலை வகுப்புக்கே போடுகிறார்கள். மறைத்ததை எடுக்க வலது கிளிக் ஒன்று போதும். மதிப்பெண்ணுக்கென்றே தளத்தில் தனி ஏடு இருக்கிறது, அதில் ஒவ்வொரு மாணவரும் தன்னுடையதை மட்டும் பார்ப்பார். அதை விட்டுவிட்டு ஏன் இந்த வேலை?

தவறுதலாக அழித்துவிட்டால் பதற வேண்டாம். 2016-ல் வந்த மூடுல் 3.1 முதல் குப்பைத்தொட்டி வசதி உண்டு. அட்மின் மாற்றாதவரை ஒரு வாரம் வரை அதில் கிடக்கும். அதற்குள் சொல்லுங்கள்.

கிளாஸ்ரூமில் கதை வேறு. அங்கே இணைத்த கோப்பு உண்மையில் கூகுள் டிரைவில் இருக்கிறது. ‘டிரைவைச் சுத்தம் பண்ணினேன்’ என்று ஆசிரியர் ஒருவர் பெருமையாகச் சொன்ன வாரத்தில் அவருடைய வகுப்பு முழுக்க இணைப்புகள் உடைந்து கிடந்தன. பணித்தாளை இணைக்கும்போது ‘ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு நகல்’ என்பதைப் பதிவிடும் முன்பே தேர்ந்தெடுத்துவிடுங்கள். திருத்தும் உரிமையைக் கொடுத்துவிட்டால், நாற்பது பேரும் ஒரே தாளில் எழுதி, ஒருவர் விடையை ஒருவர் அழித்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த இரவுக்கு வருகிறேன். உச்சியில் இருந்த பாடத்திட்டத்தை அதே இடத்தில் மேலெழுதினோம், ஏழாவது வாரத்தில் இருந்ததை அழித்தோம், அறிவிப்பு ஒன்று போட்டோம். பத்து மணிக்குள் முடிந்துவிட்டது. மறுநாள் பதிவேட்டைப் பார்த்தேன். நள்ளிரவு தாண்டியும் ஒவ்வொருவராகத் திறந்திருக்கிறார்கள். கடைசி ஆள் திறந்தது காலை 5.40-க்கு.