வண்டியில் வருகிறவருக்கு மெசேஜ் அனுப்பாதீர்கள்

தர்மபுரியில் பிசியோதெரபி கிளினிக் நடத்துகிறேன். ஆரம்பத்தில் முழங்கால் வலி, இடுப்புவலி, பக்கவாதம் என்று வருகிற பெரியவர்கள்தான் அதிகம். இப்போதெல்லாம் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களில் நிறையப் பேர் முப்பது வயதைத் தாண்டாதவர்கள், அதுவும் பைக்கில் போய் விழுந்தவர்கள்.

எப்படி விழுந்தீர்கள் என்று கேட்பது என் வேலையில் ஒரு பகுதி. தலை எந்தப் பக்கம் சாய்ந்தது, தோள் எதில் இடித்தது என்று தெரிந்தால்தான் உள்ளே எதற்கு அடிபட்டிருக்கும் என்று யோசிக்க முடியும். முதல் நாள் சொல்லும் பதில் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். நாய் குறுக்கே வந்துடுச்சு சார், லாரிக்காரர் திடீர்னு பிரேக் போட்டுட்டார் சார். அப்புறம் மூன்றாவது நான்காவது வாரத்தில், அறையில் வேறு யாரும் இல்லாதபோது, அவர் கையை நான் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். "போன் பாத்தேன் சார். ஒரே ஒரு செகண்டுதான்."

அப்படிச் சொன்னவர்களில் ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாரென்று தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வயது 23, ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் பைக்கை எடுத்தால் சூளகிரி, கிருஷ்ணகிரி வழியாகச் சுமார் 90 கிலோமீட்டர், ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பான். அன்றைக்குக் காவேரிப்பட்டணம் தாண்டிக் காரிமங்கலம் வருவதற்குள், ஓரமாக நின்றிருந்த லாரியின் பின்பக்கத்தில் இடித்துவிட்டான். ஹெல்மெட் போட்டிருந்தான், அதனால்தான் உயிரோடு இருக்கிறான். ஆனால் வலது கை தோளிலிருந்து அப்படியே தொங்கிப்போனது. எலும்பு ஒன்றும் உடையவில்லை, கை மட்டும் அசையவில்லை. வீட்டில் யாருக்கும் இது புரியவே இல்லை.

கழுத்திலிருந்து ஐந்து நரம்பு வேர்கள் வெளியே வந்து, தோளுக்கு அடியில் பின்னிப் பிணைந்து, கை முழுவதற்கும் பிரிந்து போகின்றன. பிரேக்கியல் பிளெக்சஸ் என்பார்கள். பைக்கிலிருந்து தூக்கி எறியப்படும்போது தலை ஒரு பக்கமும் தோள் இன்னொரு பக்கமும் இழுபட்டால் இந்தக் கொத்து நீண்டு, கிழிந்து, சில நேரம் தண்டுவடத்திலிருந்தே வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். ஹெல்மெட் மண்டையைக் காப்பாற்றும், இதைத் தடுக்க அதனால் முடியாது. பிடுங்கிய வேர் தானாக ஒட்டாது. வேறு நரம்பை எடுத்து இணைக்கும் ஆபரேஷனைப் பொதுவாக ஆறு மாதத்துக்குள் செய்துவிடப் பார்ப்பார்கள். அப்படி இணைத்த பிறகும் நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். கழுத்திலிருந்து விரல் நுனிவரை எவ்வளவு தூரம் என்று நீங்களே கையை வைத்து அளந்து பாருங்கள். அதற்குள் அந்தத் தசைகள் காத்திருக்க வேண்டுமே! ஒன்று, ஒன்றரை வருடம் நரம்பின் தொடர்பு இல்லாமல் கிடந்தால் தசை வற்றிப்போகும், அதன்பிறகு நரம்பு வந்து சேர்ந்தாலும் பெரிய பயன் இருக்காது. அசையாத கைதானே, வலி இருக்காது என்று நினைப்பீர்கள். நெருப்பில் வைத்த மாதிரி எரிகிறது என்று ராத்திரி முழுக்கத் தூங்காமல் அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

விபத்து நடந்தால் முதல் 48 மணி நேரச் செலவை அரசு ஏற்கும் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. எத்தனையோ குடும்பங்களை அது காப்பாற்றியிருக்கிறது, மனமார நன்றி சொல்கிறேன். நான் பார்ப்பது அந்த 48 மணி நேரத்துக்குப் பிந்தைய வாழ்க்கையை. இந்தப் பையன் என்னிடம் வர ஆரம்பித்துப் பதினான்கு மாதம் ஆகிறது. போன மாதம்தான் முழங்கையைக் கொஞ்சம் மடக்கினான்.

சரி, அந்த ஒரு செகண்டுக்கு வருவோம். அமெரிக்காவில் வர்ஜீனியா டெக் போக்குவரத்து ஆய்வு நிலையம் லாரிகளில் கேமரா பொருத்தி ஆராய்ந்து 2009-ல் வெளியிட்ட முடிவு இது. மெசேஜ் டைப் செய்யும் டிரைவரின் கண், 6 நொடியில் 4.6 நொடி சாலையிலேயே இல்லை. அவர் விபத்தில் சிக்கும் அல்லது மயிரிழையில் தப்பும் வாய்ப்பு, போனைத் தொடாதவரைவிட 23 மடங்கு. நம் சாலையில் இதைக் கணக்குப் போட்டால், 60 கிலோமீட்டர் வேகத்தில் 4.6 நொடிக்குள் வண்டி சுமார் 77 மீட்டர் ஓடிவிடும், 80-ல் போனால் 100 மீட்டருக்கு மேல். அவ்வளவு தூரமும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதாகத்தான் அர்த்தம். சேலம் போகும்போது தொப்பூர் கணவாய் இறக்கத்தில் முன்னால் போகும் லாரியின் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போவது நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? அந்த இடத்தில் போனை நிமிர்த்திப் பார்க்கிறவர்களை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

டைப் பண்ணினால்தான் ஆபத்து, வாய்ஸ் மெசேஜ் போடலாம், ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிப் பேசலாம், புளூடூத்தில் பேசலாம் என்பவர்களும் உண்டு. போன் பேசிக்கொண்டே ஓட்டுபவருக்கு விபத்து வாய்ப்பு சுமார் 4 மடங்கு என்றும், கையில் பிடிக்காமல் பேசினாலும் ஆபத்து பெரிதாகக் குறைவதில்லை என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கை ஹேண்டில்பாரில் இருக்கும், கண்ணும் ரோட்டில்தான் இருக்கும், மனசு மட்டும் வீட்டுச் சண்டையில் இருக்கும். சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 184-வது பிரிவில் 2019-ல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, கையில் போனை வைத்துக்கொண்டு ஓட்டுவதும் ஆபத்தாக ஓட்டுவதில் சேரும், ஜெயில் வரைக்கும் போகலாம். ஆனால் அபராதத்துக்குப் பயந்து போனை வைத்தவர்கள் போலீஸைத் தாண்டியதும் திரும்ப எடுத்துவிடுகிறார்கள்.

இதையெல்லாம் ஓட்டுகிறவருக்குத்தான் எல்லோரும் சொல்கிறோம், இவ்வளவு காலமாக நானும் அவருக்கு மட்டும்தான் சொல்லிவந்தேன். ஒரு நாள் அந்தப் பையனிடம், யாருக்கப்பா மெசேஜ் அனுப்பினாய் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் கதவுப் பக்கம் பார்த்தான். வெளியே அவன் அம்மா உட்கார்ந்திருந்தார். "எங்கடா வந்துட்டு இருக்க"ன்னு கேட்டாங்க சார், "காவேரிப்பட்டணம்"னு போட்டுட்டு இருந்தேன், அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க என்றான். அவருக்கு அது ஏற்கெனவே தெரியும். மகனிடமிருந்து பாதி வார்த்தையோடு ஒரு மெசேஜ் வந்து நின்றதை அவர் இன்னும் அழிக்கவில்லை என்று பிறகு அவரே என்னிடம் சொன்னார்.

அதிலிருந்துதான் விழுந்தவரோடு நிற்காமல், மெசேஜ் அனுப்பியவர் யார் என்றும் விசாரிக்க ஆரம்பித்தேன். மனைவி, அம்மா, காதலி, ஷிப்டுக்கு ஏன் லேட் என்று கேட்ட சூப்பர்வைசர். ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் தக்காளி ஏற்றிக்கொண்டு குட்டி யானை ஓட்டுகிறவருக்கு, இன்றைக்குப் பெட்டி என்ன விலை என்று மண்டியிலிருந்து வாட்ஸப். யாருமே கெட்ட எண்ணத்தில் அனுப்பவில்லை, பாதிப் பேர் பாசத்தில் அனுப்பியவர்கள். ஆனால் அவர் வண்டியில் இருக்கிறார் என்று தெரிந்தே அனுப்பினோம் இல்லையா? பதில் வரவில்லையென்றால் உடனே இரண்டாவது மெசேஜ், அப்புறம் போன், எடுக்காவிட்டால் திரும்பவும் போன். வண்டியில் இருக்கிறவருக்குப் பாக்கெட்டில் அது துடித்துக்கொண்டே இருந்தால், என்னமோ ஏதோ என்று பதறாமல் எப்படி இருக்கும்?

என்னிடம் வருகிற குடும்பங்களிடம் கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன். கிளம்பும்போது ஒரு மெசேஜ், வந்து சேர்ந்ததும் ஒரு மெசேஜ், நடுவில் வேண்டாம். தூரம் அதிகமென்றால் எந்த ஊரில் நிறுத்தி டீ குடிப்பது, அங்கிருந்து போன் பண்ணுவது என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். தெரியாமல் போன் போட்டுவிட்டு, எடுத்தவர் வண்டியில் இருப்பது தெரிந்தால், "ஓரமா நிறுத்திட்டு கூப்பிடு" என்றுகூடச் சொல்ல வேண்டாம், உடனே வைத்துவிடுங்கள். கம்பெனி நடத்துகிறவர்களே, வேலையாட்கள் வீட்டிலிருந்து கிளம்பி வந்து சேரும் அந்த நேரத்தில் குரூப்பில் கேள்வி கேட்காதீர்கள்.

அந்த அம்மாவின் சின்ன மகனும் இப்போது ஓசூரில்தான் வேலை பார்க்கிறான், சனிக்கிழமை பைக்கில்தான் வருகிறான். கிளம்பும்போது ஒன்று, கிருஷ்ணகிரியில் டீக்கடையில் நின்று ஒன்று, அவ்வளவுதான் அவனிடமிருந்து வரும். நடுவில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "போனை அரிசி டப்பா மேல வெச்சுட்டு வாசல்ல வந்து உக்காந்துக்குவேன் சார். கையில இருந்தா விரல் சும்மா இருக்காது."