ஒமாஹா போக்கர்: கடைசிச் சீட்டில் வைக்கலாமா, செக் சொல்லலாமா?

“வச்சுப் பாத்துருவோம்லே.” பாளையங்கோட்டையோ வள்ளியூரோ, ஆலோசனைக்கு வரும் இளைஞர்கள் போனைத் திறந்து ஆடிய ஆட்டங்களைக் காட்டும்போது, பெரிய தொகை போன இடத்துக்கு அவர்கள் சொல்லும் விளக்கம் பெரும்பாலும் இதுதான். ஐந்தாவது பொதுச் சீட்டு விழுந்த பிறகு நடப்பது அது. அந்தச் சீட்டுக்கு ரிவர் என்று பெயர். தாமிரபரணிக் கரையில் இருந்துகொண்டு அதை ஆறு என்று மொழிபெயர்க்க மனம் வரவில்லை, ரிவர் என்றே இருக்கட்டும். ஆடாதே என்று மட்டும் சொன்னால் யாரும் காது கொடுப்பதில்லை. கணக்கைப் போட்டுக் காட்டினால் கேட்கிறார்கள்.

ஒமாஹாவில் கையில் நான்கு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. கையிலிருந்து இரண்டு, நடுவிலிருந்து மூன்று எடுத்தே தீர வேண்டும். நடுவில் நான்கு இஸ்பேட் கிடக்க, கையில் இஸ்பேட் ஏஸ் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஃபிளஷ், அதாவது ஒரே இனத்தில் ஐந்து சீட்டு, அடித்துவிட்டதாகப் பணத்தைக் கொட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது ஃபிளஷே இல்லை.

கோயில் கொடை ராத்திரிகளில் மூணு சீட்டு ஆடிப் பழகிய கைக்கு இன்னொரு சிக்கல். அங்கே கலர், அதாவது மூன்றும் ஒரே இனம், விழுவது சுமார் 5 சதவீதம்தான், விழுந்தால் கொண்டாட்டம். அந்த மரியாதையை அப்படியே ஒமாஹா ஃபிளஷுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். நடுவில் மூன்று இஸ்பேட், உங்களிடம் இரண்டு என்றால் மிச்சம் 8. இரண்டே சீட்டு தரும் ஹோல்டெம் ஆட்டத்தில், எதிராளிக்கு என்ன சீட்டு வந்தாலும் வரலாம் என்று வைத்துக்கொண்டால், அவரிடமும் இஸ்பேட் ஃபிளஷ் இருக்க சுமார் 3 சதவீத வாய்ப்பு. ஒமாஹாவில் அது 15 சதவீதம். ரிவர் வரை பணம் போட்டு வந்தவரிடம் இன்னும் கூடுதல்.

ஓர் ஆட்டத்தை நிறுத்திப் பார்ப்போம். நடுவில் இஸ்பேட் ராணி, இஸ்பேட் 9, டைமன் 6, கிளாவர் 3, ரிவரில் இஸ்பேட் 2. உங்கள் கையில் இஸ்பேட் ஜாக்கியும் 10-ம், மற்ற இரண்டும் உதவாதவை. பாட்டில், அதாவது நடுவில் சேர்ந்த தொகையில், 600 புள்ளி. எதிராளி செக் சொல்லிவிட்டார், அதாவது எதுவும் வைக்காமல் முறையை விட்டுவிட்டார். கடைசி முறை உங்களுடையது.

மிச்சமிருக்கும் 8 இஸ்பேட்டை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 28 ஜோடி. ஏஸோ ராஜாவோ இருக்கும் 13 ஜோடி உங்களை அடிக்கும், 15 உங்களிடம் தோற்கும். பதினைந்து பெரிதுதானே என்று 600-ஐயும் வைக்கத் தோன்றும். ஆனால் 4-ம் 3-ம் வைத்து ஃபிளஷ் அடித்தவர் 600-க்குக் கால் பண்ணுவாரா, அதாவது ஈடாகத் தானும் 600 போடுவாரா? பாதிக்கு மேல் சீட்டை மடக்கி விலகிவிடுவார்கள். ஏஸ், ராஜா வைத்திருப்பவர் மடக்கவே மாட்டார். கால் வரும் பத்தில் மூன்றுதான் உங்களுக்கு என்று வையுங்கள். 1,800 வரவு, 4,200 செலவு, நிகர நட்டம் 2,400. செக் சொல்லியிருந்தால் அந்த நட்டம் இல்லை. தோற்கிற கைகள் ஓடிவிடும், ஜெயிக்கிற கைகள் நிற்கும், இவ்வளவுதான் விஷயம்.

அதனால் கடைசி ஆளாக இருக்கும்போது அளவுகோல் எளிது. கால் வருகிறவற்றில் பாதிக்கு மேல் நாம் ஜெயிப்போமானால் வைக்கலாம், இல்லையேல் சீட்டைக் காட்டி முடித்துக்கொள்ளலாம். எதிராளி செக் சொன்னதே அவரிடம் ஏஸ் ஃபிளஷ் இருக்கும் வாய்ப்பைக் கொஞ்சம் குறைக்கிறது என்பது உண்மை. எதையும் விடாமல் கால் பண்ணுகிறவர் என்றால் 200 வைத்துப் பார்க்கலாம். ஆனால் சிலர் வலை விரித்துத்தான் செக் சொல்வார்கள். நீங்கள் 600 வைத்தால், பாட்டில் உள்ள அளவுக்கு மேல் ஏற்றக்கூடாது என்ற பாட்-லிமிட் விதிப்படி அவர் அதை 2,400 வரை ஏற்றலாம். சும்மா பார்த்திருக்கக்கூடிய சீட்டுக்கு இன்னும் 1,800 போடச் சொல்லும் நிலை.

முதல் ஆளாக இருந்தால் கணக்கு வேறு. செக் சொன்னால் ஆட்டம் முடியாது, வைக்கும் உரிமை எதிராளிக்குப் போகும். தோற்கவே முடியாத கை இருந்தால் பெரும்பாலும் வைத்துவிடுவதே நல்லது. அவர் தானே வைப்பார் என்று காத்திருந்து, அவரும் செக் சொல்லி ஒன்றும் வராமல் போவது ரொம்ப சகஜம். நடுத்தரக் கை என்றால் செக் சொல்லிவிட்டு அவர் வைக்கும் அளவைப் பார்க்கலாம். 600 பாட்டில் 300 வைத்தால் நான்கில் ஒரு தடவை ஜெயித்தாலே கால் பண்ணுவது கட்டும், 600 வைத்தால் மூன்றில் ஒரு தடவை ஜெயிக்க வேண்டும்.

பிளஃப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 600-க்கு 600 வைத்து மிரட்டினால் பாதிக்கு மேல் அவர் மடக்க வேண்டும், 300 என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். மேலே சொன்ன ஆட்டத்தில் இஸ்பேட் ஏஸ் மட்டும் உங்களிடம் இருந்தால், வேறு யாரிடமும் ஏஸ் ஃபிளஷ் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். மிரட்ட அது நல்ல சீட்டு, மடக்கத் தெரிந்தவரிடம் மட்டும்.

இந்தக் கணக்கெல்லாம் எதிராளிக்கு உங்களைவிட அதிகம் தெரியாது என்ற நம்பிக்கையில் நிற்கிறது. வாட்ஸ்அப், டெலிகிராம் வழியாக ஏஜென்ட் சேர்த்துவிடும் ‘கிளப்’ ஆப்களில் அந்த நம்பிக்கை இல்லை. கூட்டாளிகள் இரண்டு பேர் ஒரே மேசையில் உட்கார்ந்தால் அவர்களுக்கு எட்டுச் சீட்டு தெரியும், இஸ்பேட் ஏஸ் எங்கே என்பது உட்பட. போதாததற்கு ஒவ்வொரு பாட்டிலும் நடத்துபவர் ஒரு பங்கு எடுத்துக்கொள்வார். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமை ஆட்டம், அதிர்ஷ்ட ஆட்டம் என்று பிரிக்காமல், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடைசெய்கிறது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். ஏஜென்டுக்கு ஜிபேயில் அனுப்பிய பணத்துக்கு ரசீதும் கிடையாது, கேட்கப் போக ஓர் அலுவலகமும் கிடையாது.

பணம் ஏமாற்றப்பட்டிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு உடனே கூப்பிடுங்கள். நேரம் போகப் போக பணத்தை முடக்கி வைப்பது கடினம். “செக்னு சொல்லிட்டுச் சும்மா இருக்கக் கை வரமாட்டேங்கு அண்ணாச்சி” என்கிற நிலை வந்துவிட்டால் 14416. அது டெலி-மனஸ் மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம்.

ஆட்டத்தின் கணக்கு மட்டும் பிடித்திருக்கிறதென்றால் ஒரு சீட்டுக்கட்டும் ஒரு படி புளியங்கொட்டையும் போதும். ரிவர் விழுந்ததும் கொட்டையைத் தள்ளுவதற்கு முன்னால், எந்தெந்தக் கை கால் பண்ணும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு எல்லாச் சீட்டையும் திருப்பிப் போட்டு, எழுதியதோடு ஒத்துப் பாருங்கள்.